எழுப்பலாமா, வேண்டாமா: வார்டு பிசியோவாகப் புதிதாகச் சேர்பவர்களுக்கு

ஓபி பிசியோதெரபி அறைக்கு வருபவர் தன் காலில் நடந்து வருகிறார், அல்லது யாரோ தள்ளிக்கொண்டு வருகிறார்கள். வார்டில் நிலைமை வேறு. நேற்று வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்தவர், முந்தாநாள் தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், காலையில்தான் வென்டிலேட்டரிலிருந்து எடுக்கப்பட்டவர் என்று வரிசையாகக் கிடப்பார்கள். ஒவ்வொருவர் உடம்பிலும் இரண்டு மூன்று குழாய்கள். அவர்களில் யாரை இன்று எழுப்பலாம், எவ்வளவு தூரம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பொள்ளாச்சி, கோவை, பாலக்காடு பக்கத்து மருத்துவமனைகளில் உங்களை எக்சர்சைஸ் சார் என்பார்கள், மசாஜ் பண்ற பொண்ணு என்பார்கள். கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெயருக்குள் அடங்கிப்போகவும் கூடாது. கை காலை மடக்கி நீட்டுவதை ஒரு வாரத்தில் யாருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம். ‘இவரை இன்று எழுப்ப வேண்டாம், காரணம் இது’ என்று சொல்வதற்குத்தான் நாலரை வருடப் படிப்பு.

அமெரிக்காவில் 2015இல், மருத்துவமனை உள்நோயாளிப் பிரிவில் நுழையும் பிசியோவுக்கு வேண்டிய அடிப்படைத் திறன்களை ஐந்து தலைப்பில் தொகுத்தார்கள்: மருத்துவ முடிவெடுத்தல், தகவல் பரிமாற்றம், பாதுகாப்பு, நோயாளியைக் கையாளுதல், வீட்டுக்கு அனுப்பும் திட்டம். தாளில் ஐந்தாகப் பிரித்திருந்தாலும் கட்டில் பக்கத்தில் இவை ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். அதனால் இங்கே தலைப்பு வாரியாகப் போகாமல் ஒரு நாள் வேலை எப்படிப் போகுமோ அந்த வரிசையில் போகிறோம்.

முதலில் கேஸ் ஷீட்

நோயாளியிடம் போவதற்கு முன் பத்து நிமிடம் கேஸ் ஷீட்டுக்கு. நேற்று பார்த்த அதே ஆள்தானே என்று இதை விடுபவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு என்ன நடந்தது என்று நோயாளி சொல்லமாட்டார், நர்ஸ் எழுதிய குறிப்பு சொல்லும்.

பார்க்க வேண்டியவை: எதற்காகச் சேர்ந்தார், என்ன அறுவை சிகிச்சை, எத்தனையாவது நாள். கடைசி எட்டு மணி நேரத்து பிபி, நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு, காய்ச்சல். வலி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தார்கள். எலும்பு முறிவு என்றால் காலில் எவ்வளவு எடை வைக்கலாம் என்று எலும்பு டாக்டர் எழுதியிருக்கிறாரா. இல்லையென்றால் கேட்டு எழுத வையுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டதை நம்பி நடக்க வைக்காதீர்கள்.

பிறகு ரத்தப் பரிசோதனை. இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மருத்துவமனையில் எழுதிய விதிமுறை இருந்தால் அதுதான் முதலில்.

ஹீமோகுளோபின் 8க்குக் கீழே போனால் நோயாளிக்கு இருக்கும் அறிகுறிகளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 7க்குக் கீழே என்றால் ரத்தம் ஏற்றப்போகிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றது.

தட்டணுக்கள்: மழைக்காலத்தில் டெங்கு வார்டு நிறையும்போது இது முக்கியம். 50,000க்குக் கீழே எடை தூக்கிச் செய்யும் பயிற்சி வேண்டாம், நெஞ்சைத் தட்டிச் சளி எடுப்பதும் வேண்டாம். 20,000க்குக் கீழே டாக்டரிடம் பேசாமல் கட்டிலை விட்டு இறக்காதீர்கள். அவர் வழுக்கி விழுந்தால் சாதாரண அடியோடு போகாது, தலைக்குள் ரத்தம் கசியலாம்.

பொட்டாசியம் இயல்பாக 3.5 முதல் 5 வரை. மிகவும் ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் இதயத் துடிப்பு தாறுமாறாகும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இதை விடாமல் பாருங்கள்.

சர்க்கரை 70க்குக் கீழே என்றால் பயிற்சி இல்லை. நினைவு தெளிவாக இருந்து, விழுங்கவும் முடிந்தால் 15 கிராம் குளுகோஸ் கொடுக்கச் சொல்லி, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். காலை இன்சுலின் போட்டுவிட்டு, ஸ்கேனுக்காக இட்லியைச் சாப்பிடாமல் காத்திருப்பவரை நடக்க வைத்து மயங்க விடுவது வார்டில் அடிக்கடி நடக்கிற தப்பு. ‘சாப்டீங்களா?’ என்று கேட்பது இங்கே வெறும் விசாரிப்பு இல்லை.

கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கம், சூடு, வலி இருந்தால் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்து விடக்கூடாது. வீட்டார் தைலம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லி, டாக்டருக்குத் தகவல் கொடுங்கள். டாப்ளர் ஸ்கேன் பார்த்து, உறைவைத் தடுக்கும் மருந்து தொடங்கிய பிறகு எப்போது நடக்கலாம் என்று அவர் சொல்வார்.

சிஸ்டரிடம் ஒரு நிமிடம்

‘சிஸ்டர், எட்டாம் கட்டிலை உட்கார வைக்கப் போறேன், இப்ப எதாவது மருந்து ஓடுதா, டிரெஸ்ஸிங் இருக்கா?’ இவ்வளவுதான். இந்தக் கேள்வியைக் கேட்காமல் போனால் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிற்பீர்கள். சிஸ்டர்கள் உங்களை வேலை கூட்டும் ஆளாகப் பார்ப்பதா, வேலை குறைக்கும் ஆளாகப் பார்ப்பதா என்பதும் இந்த ஒரு நிமிடத்தில்தான் தீர்மானமாகிறது.

ஆள் தேவைப்பட்டால் யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் அட்டெண்டர் என்றால் வார்டு ஊழியரும் உண்டு, நோயாளியோடு இருக்கும் சொந்தக்காரரும் உண்டு. பாலக்காட்டுப் பக்கம் கூட இருப்பவருக்குப் பைஸ்டாண்டர் என்று பெயர். ‘அட்டெண்டரை வரச் சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டு வார்டு பாய்க்குக் காத்திருந்தால், நோயாளியின் எழுபது வயது மனைவி வந்து நிற்பார்.

எழுப்பும் முறை

கட்டில் பக்கத்தில் போனதும் கையைத் தேயுங்கள். கிருமிநாசினி என்றால் 20 முதல் 30 நொடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி. உங்கள் பெயரையும் வேலையையும் சொல்லுங்கள். பிறகு குழாய்களை ஒவ்வொன்றாக, உடம்பில் நுழையும் இடத்திலிருந்து மறுமுனை வரை விரலால் தொட்டுப் பாருங்கள். கண்ணால் பார்த்தால் போதாது, போர்வைக்கு அடியில் ஒன்று ஒளிந்திருக்கும்.

1. கட்டில் பிரேக்கைப் போடுங்கள். வேட்டி, முண்டு, லுங்கி என்றால் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டச் சொல்லுங்கள். நைட்டி தரையில் புரண்டால் தூக்கிச் செருகுங்கள். காலில் வழுக்காத செருப்பு. வெறும் சாக்ஸ் ஆகாது.

2. படுத்த நிலையில் பிபி, நாடி, ஆக்சிஜன் அளவு. எழுதிவையுங்கள்.

3. தலைப்பக்கத்தை 45 டிகிரி உயர்த்தி இரண்டு மூன்று நிமிடம். பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை ஆட்டச் சொல்லுங்கள். கெண்டைக்கால் தசை பம்ப் மாதிரி வேலை செய்து ரத்தத்தை மேலே தள்ளும்.

4. பக்கவாட்டில் திருப்பி, காலைக் கீழே விட்டு, கையால் ஊன்றி உட்கார வையுங்கள். கழுத்தைப் பிடித்து இழுத்து எழுப்புவது வீட்டார் பழக்கம். நீங்கள் செய்யாதீர்கள்.

5. உட்கார்ந்து மூன்று நிமிடம். திரும்ப பிபி. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்திருந்தால் எழும்போது ரத்த அழுத்தம் விழுகிறது என்று பொருள். முகம் வெளுக்கிறதா, பேச்சு குறைகிறதா, கொட்டாவி விடுகிறாரா என்று பாருங்கள். மயக்கம் வருவதற்கு முன் பலர் கொட்டாவி விடுவார்கள். நோயாளி ‘ஒண்ணுமில்லைங்க’ என்று சொல்லிக்கொண்டே சரிவார்.

6. நிற்க வைக்கும்போது பெல்ட் கட்டுங்கள். பெல்ட் இல்லாத வார்டில் போர்வையை அகலமாக மடித்து இடுப்பில் சுற்றிப் பிடிக்கலாம். முண்டின் முடிச்சைப் பிடித்துத் தூக்கினால் முடிச்சுதான் கையோடு வரும்.

7. நின்றதும் ஒரு நிமிடம் அங்கேயே. இடத்திலேயே கால் மாற்றி மிதிக்க முடிந்தால்தான் முதல் அடி. ஒரு நாற்காலி பின்னால் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

நிறுத்த வேண்டிய இடம்: ஆக்சிஜன் 88க்குக் கீழே இறங்கி, நின்று மூச்சு விட்டும் ஏறாமல் இருந்தால், மேல் பிபி 90க்குக் கீழே அல்லது 180க்கு மேலே போனால், நெஞ்சு வலி, புதிதாக ஒழுங்கற்ற துடிப்பு, குளிர்ந்த வியர்வை. நாட்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கு டாக்டர் 88 முதல் 92 என்று இலக்கு எழுதியிருப்பார். அவர்களுக்கு 97 வர வேண்டும் என்று ஆக்சிஜனைத் திருகி ஏற்றிவிடாதீர்கள், கரியமில வாயு தேங்கும்.

விழப்போகிறார் என்று தெரிந்தால் நிமிர்த்திப் பிடிக்கப் பார்க்காதீர்கள், உங்கள் முதுகு போய்விடும். ஒரு காலைப் பின்னால் வைத்து, அவரை உங்கள் தொடையில் சாய்த்து, மெதுவாகத் தரைக்கு வழுக்கி இறக்குங்கள். தலை மட்டும் இடிக்கக்கூடாது.

வாக்கரின் உயரம் மணிக்கட்டு ரேகைக்குச் சமமாக. பிடித்தால் முழங்கை 20 முதல் 30 டிகிரி மடங்கியிருக்கும். முந்தைய நோயாளிக்கு வைத்த உயரத்திலேயே அடுத்தவரையும் நடக்க வைப்பது எல்லா வார்டிலும் நடக்கிறது. குச்சி மாதிரி உயரமாக இருப்பவர் குனிந்து தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தால் அது உங்கள் வேலையைத்தான் காட்டிக்கொடுக்கும்.

குழாய்களோடு நடப்பது

யூரின் பேக் எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே. நோயாளி அதைக் கையில் தூக்கி நெஞ்சருகே பிடித்துக்கொண்டு நடந்தால் சிறுநீர் திரும்பிப் போய்த் தொற்று வரும். வாக்கரின் கீழ்க்கம்பியில் மாட்டுங்கள். கிளம்புமுன் காலி செய்யச் சொல்லுங்கள்.

நெஞ்சுக் குழாய் இருந்தால் பாட்டில் நெஞ்சுக்குக் கீழே, நிமிர்ந்து, சாயாமல். நடப்பதற்காகக் குழாயை கிளாம்ப் போட்டு அடைப்பது பழைய பழக்கம், ஆபத்தானது. காற்று கசிந்துகொண்டிருப்பவருக்கு உள்ளே அழுத்தம் ஏறி உயிருக்கே வினையாகும். பாட்டில் சாய்ந்துவிட்டால் உடனே நிமிர்த்துங்கள், தண்ணீர் மட்டம் சரியாக இருக்கிறதா பாருங்கள், சிஸ்டரைக் கூப்பிடுங்கள். குழாய் நெஞ்சிலிருந்தே உருவி வந்துவிட்டால் கையுறை போட்ட கையால் காஸ் துணி வைத்து அமுக்கி, சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அவரை விட்டு நகரக்கூடாது.

ஆக்சிஜனோடு நடக்கிறீர்கள் என்றால் சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும் என்று கணக்குப் போடத் தெரிய வேண்டும். கணக்கு எளிது: சிலிண்டரின் தண்ணீர்க் கொள்ளளவை மீட்டர் காட்டும் அழுத்தத்தால் (பார் அளவில்) பெருக்கி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகிறதோ அதால் வகுங்கள். 10 லிட்டர் சிலிண்டர், மீட்டரில் 50 பார் காட்டுகிறது என்றால் 500 லிட்டர் இருக்கிறது. 4 லிட்டர் ஓட்டத்தில் 125 நிமிடம். அதில் கால் பங்கை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் அறை வாசலில் வரிசை எவ்வளவு நீளம் என்று யாருக்குத் தெரியும்?

மூன்று பந்துக் கருவியும் ஒரு மொழிச் சிக்கலும்

வயிறு, நெஞ்சு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவார்கள். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், சளி தேங்கும், மூன்றாம் நாள் காய்ச்சல் வரும். அதற்காகத்தான் மூன்று பந்து ஸ்பைரோமீட்டர். நூறு பேருக்குக் கொடுத்தால் பெரும்பாலோர் முதலில் அதில் ஊதுவார்கள். பந்து அசையாது. மெஷின் ரிப்பேர் என்று மேசையில் வைத்துவிடுவார்கள். பந்தைத் தூக்குவது உள்ளே இழுக்கும் மூச்சு.

கருவியை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், சாய்த்தால் பந்து பொய்யாக ஏறும். உதடு இறுக மூடி, மெதுவாக இழுத்து, முதல் பந்து மேலே நிற்கும்படி இரண்டு மூன்று நொடி வைத்திருக்க வேண்டும். மூன்று பந்தையும் ஒரே உறிஞ்சில் டப்பென்று தூக்குவதால் பயனில்லை, நிதானமாக நீள இழுப்பதுதான் நுரையீரலைத் திறக்கும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து மூச்சு. இழுத்த பின், தலையணையைத் தையல் மேல் வைத்து அணைத்துக்கொண்டு, வாயைத் திறந்து ‘ஹா’ என்று கண்ணாடியில் ஆவி படிய வைப்பது போல இரண்டு தடவை. பிறகு இருமல்.

எல்லையோரத்தில் இதைச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் வேடிக்கை. மலையாளத்தில் ‘வலிக்கூ’ என்றால் இழுங்கள். ‘ஸ்வாசம் உள்ளிலேக்கு வலிக்கூ’ என்று சொன்னால் பொள்ளாச்சிப் பக்கத்துக் கோபாலபுரத்துத் தமிழர் ‘வலிக்குதுங்க, தையல் போட்ட எடத்துல’ என்பார். திருப்பி, நீங்கள் தமிழில் ‘வலிக்குதா?’ என்று கேட்டால் பாலக்காட்டுச் சித்தூர்த் தாலூக்கா மலையாளி கருவியை எடுத்து இழுக்கத் தொடங்குவார். அவரிடம் வலிக்கு ‘வேதன உண்டோ?’ என்றுதான் கேட்க வேண்டும். ‘சுமய்க்கூ’ என்றால் இருமுங்கள். எதையும் தூக்கச் சொல்லவில்லை. ‘காலு குத்தருது’ என்றால் காலைத் தரையில் ஊன்றக்கூடாது. இதைத் தமிழர் காலில் குத்துகிறதா என்று கேட்டதாக எடுத்துக்கொண்டு, ‘இல்லை’ என்று தலையாட்டிவிட்டு, பிளேட் வைத்த காலை ஊன்றி எழுந்து நிற்பார். சிரிப்புக்காக இதைச் சொல்லவில்லை. எடை வைக்கக் கூடாத காலில் எடை வைத்தால் அந்த எலும்பு திரும்ப அறுவை சிகிச்சை மேசைக்குத்தான் போகும்.

அதனால் ‘புரிஞ்சுதுங்களா?’ என்ற கேள்விக்கு வரும் தலையாட்டலை நம்பாதீர்கள். ‘நான் என்ன சொன்னேன்னு நீங்க ஒருதடவ செஞ்சு காட்டுங்க’ என்று கேளுங்கள். தலைசுற்றலுக்கு ‘தலகறங்ஙுன்னுண்டோ?’; கொங்குப் பெரியவர்களிடம் ‘கிர்ருன்னு வருதுங்களா?’. முறை வைத்துப் பேசுங்கள்: இந்தப் பக்கம் ஐயா, அம்மா, ‘ங்க’ விடாமல், அந்தப் பக்கம் சேட்டா, சேச்சி, வயதானவர்களுக்கு அச்சன், அம்மை. கட்டில் எண்ணைச் சொல்லி யாரையும் கூப்பிடாதீர்கள்.

ஐசியு

படுத்த படுக்கையில் தசை எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பது நேரில் பார்த்தால்தான் நம்பத் தோன்றும். 2013இல் வெளியான ஒரு ஆய்வில், தீவிர நோயாளிகளின் தொடைத் தசைக் குறுக்களவு பத்தே நாளில் சுமார் 18 சதவீதம் குறைந்திருந்தது. எனவே சீக்கிரம் அசைக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. 2009இல் 104 வென்டிலேட்டர் நோயாளிகளிடம் செய்த சோதனையில், முன்கூட்டியே பயிற்சி பெற்றவர்களில் 59 சதவீதம் பேர் வீடு திரும்பும்போது தம் வேலையைத் தாமே செய்துகொண்டார்கள், மற்ற குழுவில் 35 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு எல்லோரையும் எழுப்பக் கிளம்பிவிடாதீர்கள். 2022இல் 750 பேரிடம் நடந்த பெரிய சோதனையில், வழக்கத்தைவிட அதிகமாக அசைக்கப்பட்ட குழுவுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை, பாதகமான நிகழ்வுகள்தான் கூடின. அதில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கும் பிசியோ நடந்துகொண்டுதான் இருந்தது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் கணிப்பில் இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. சும்மா விட்டாலும் கெடும், அளவு மீறினாலும் கெடும். அன்றன்றைக்கு அளவு பார்க்க ஆள் வேண்டும்.

தொடக்க எல்லையாக இவற்றை வைத்துக்கொள்ளலாம்: வென்டிலேட்டர் கொடுக்கும் ஆக்சிஜன் 60 சதவீதத்துக்கு மேல் போகாமல், பீப் (மூச்சு வெளியே விட்ட பிறகும் நுரையீரல் சுருங்கிவிடாமல் வைத்திருக்கும் அழுத்தம்) 10க்கு மேல் போகாமல், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90க்குக் குறையாமல், மூச்சு நிமிடத்துக்கு 30க்குள், சராசரி ரத்த அழுத்தம் 65க்குக் குறையாமல். பிபியைத் தூக்கி நிறுத்தும் மருந்து மணிக்கு மணி ஏறிக்கொண்டே போகிறது என்றால் இன்று கட்டிலிலேயே கை கால் அசைத்தால் போதும். கண் திறந்து சொன்னதைக் கேட்கிறாரா என்பது அடுத்த வாசல். பலம் பார்க்க ஆறு அசைவுகளை இருபுறமும் சோதித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுங்கள். மொத்தம் 60. 48க்குக் கீழே என்றால் ஐசியு பலவீனம்.

எழுப்பும்போது மூச்சுக்குழாயைப் பிடிக்க ஒருவர் தனியாக வேண்டும். அவருக்கு வேறு வேலை எதுவும் கொடுக்காதீர்கள்.

பக்கவாதம்

செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பக்கூடாது. தோள்மூட்டு கழன்று, அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும். விழுங்கும் சோதனை ஆகும்வரை தண்ணீர் கொடுக்கக்கூடாது. பைஸ்டாண்டர் அன்போடு கொடுக்கும் அந்த ஒரு மடக்கு கட்டன் சாயா நுரையீரலுக்குள் போகும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டிருந்தால் முதல் 24 மணி நேரம் பிபி 180/105க்குள் இருக்க வேண்டும்.

2015இல் 2,104 பேரிடம் நடந்த சோதனையில், பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அடிக்கடி, அதிக அளவில் எழுப்பி நடத்தப்பட்டவர்கள் மூன்று மாதம் கழித்துச் சற்று மோசமாகவே இருந்தார்கள். முதல் நாள் ‘ஒரு மணி நேரம் நல்லா பண்ணுங்க’ என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். ஒரேயடியாக நீட்டாமல், கொஞ்ச நேரமாகப் பல தடவை பிரித்துச் செய்யுங்கள்.

மரத்திலிருந்து விழுந்தவர்

தென்னந்தோப்பு இருக்கும் ஊரில் இது தனிப் பாடம். காலூன்றி விழுந்தவருக்குக் குதிகால் எலும்பு நொறுங்கியிருந்தால், அந்த வேகம் மேலே ஏறி இடுப்பு முதுகெலும்பையும் உடைத்திருக்கலாம். குதிகால் கட்டோடு கிடப்பவர் முதுகு வலி என்று சொன்னால் எக்ஸ்ரே பார்த்தாயிற்றா என்று கேட்காமல் உட்கார வைக்காதீர்கள்.

முதுகெலும்பு நிலையாக இல்லாதவரைத் திருப்பும்போது மரக்கட்டையை உருட்டுவது போல முழு உடம்பும் ஒன்றாக, நான்கு பேர். தலையைப் பிடிப்பவர்தான் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ சொல்வார், மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது. இரு மொழி வார்டில் எண்ணுவதற்கு முன் ‘மூணுக்குத் திருப்பறோம்’ என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சொல்லும்போதா, சொன்ன பிறகா என்பதையும்.

காலில் உணர்ச்சி குறைந்துகொண்டே போகிறது, சிறுநீர் நிற்கிறது, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போகிறது என்றால் அன்றைய பயிற்சி முடிந்தது. உடனே டாக்டர்.

உணர்ச்சி இல்லாத இடத்தில் படுக்கைப்புண் சீக்கிரம் வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டும் அட்டவணையைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். குதிகாலுக்கு அடியில் எதுவும் படாதபடி கெண்டைக்காலின் கீழே தலையணை.

இடுப்புப் பந்து மாற்றியவர்களுக்குப் பின்புற வழியாக அறுவை சிகிச்சை என்றால் 90 டிகிரிக்கு மேல் மடக்கக்கூடாது, கால் மேல் கால் போடக்கூடாது, பாதத்தை உள்ளே திருப்பக்கூடாது. சம்மணமும் இந்தியக் கழிப்பறையும் அவர்களுக்குக் கிடையாது. இதை வார்டிலேயே சொல்லுங்கள். வீட்டுக்குப் போன பிறகு போனில் சொன்னால், கேட்பதற்குள் உட்கார்ந்திருப்பார்.

எழுதுவதும் சொல்வதும்

‘நோயாளி நன்றாகத் தாங்கிக்கொண்டார்’ என்று எழுதுவதால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. இப்படி எழுதுங்கள்: ‘10.20. படுக்கையில் பிபி 124/76, உட்கார்ந்து 3 நிமிடத்தில் 112/70, தலைசுற்றல் இல்லை. வாக்கரோடு 12 மீட்டர், ஒருவரின் சிறிதளவு உதவி. ஆக்சிஜன் 96லிருந்து 91, இரண்டு நிமிட ஓய்வில் 95. வலி 10க்கு 4. மாலை 20 மீட்டர் முயற்சி.’ சிறிதளவு உதவி என்றால் முக்கால் பங்குக்கு மேல் அவரே செய்தார் என்று பொருள். பாதி முதல் முக்கால்வரை அவரே என்றால் நடுத்தர உதவி. இந்த அளவை வார்டு முழுக்க ஒரே மாதிரி பயன்படுத்துங்கள்.

டாக்டரிடம் போனில் பேசும்போது நாலு வரி: யாருக்கு என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன வேண்டும். ‘சார், பதினோராம் கட்டில், இடுப்பு ஆபரேஷன் இரண்டாம் நாள். உட்கார்ந்தா பிபி 88க்கு இறங்குது, ரெண்டு தடவ பாத்தேன். காலைல ஹீமோகுளோபின் 7.4. ரத்தக் குறைவாலதான்னு நினைக்கிறேன். இன்னிக்கு எழுப்பல. நீங்க வந்து பாக்கணும்.’ இதில் ‘நினைக்கிறேன்’ என்ற மூன்றாவது வரியைத்தான் புதியவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். தப்பாகிவிடுமோ என்ற பயம். தப்பானாலும் பரவாயில்லை. கருத்துச் சொல்லாத பிசியோவை ரவுண்ட்ஸில் யாரும் தேடமாட்டார்கள்.

‘ஆர்டர் போட்டிருக்கே, ஏன் நடக்க வைக்கல?’ என்று கேட்பவர்களும் உண்டு. எண்ணைச் சொல்லுங்கள், குரலை உயர்த்த வேண்டியதில்லை. 2021இல் வந்த, துணை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் பிசியோதெரபியைச் சுகாதாரத் தொழில்களில் ஒன்றாக அட்டவணையில் சேர்த்திருக்கிறது. சட்டம் தரும் இடம் அது. வார்டில் உங்கள் இடம் கேஸ் ஷீட்டில் உங்கள் குறிப்பை அடுத்தவர் படித்து நடக்கிறாரா என்பதில் தெரியும்.

எழுப்பாத நாளையும் எழுதுங்கள், காரணத்தோடு. எதுவும் எழுதாவிட்டால் நீங்கள் வரவே இல்லை என்றுதான் கணக்கு.

வீட்டுக்கு அனுப்புதல்

இது சேர்ந்த அன்றே தொடங்கும் வேலை. வீட்டைப் பற்றிக் கேளுங்கள்: வாசலில் எத்தனை படி, கைப்பிடி உண்டா, கழிப்பறை உள்ளேயா தோட்டத்திலா, இந்திய முறையா, பகலில் கூட யார் இருப்பார்கள். ஓட்டு வீட்டு வாசற்படிக்கட்டை முட்டளவு உயரம் இருக்கும், வாக்கர் அங்கே பயன்படாது. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். வார்டு மாடிப்படியில் நாலு படியாவது செய்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். கழிப்பறைக்கு நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி போதும். பிளாஸ்டிக் நாற்காலியை வீட்டிலேயே அறுத்துச் செய்தால் கால் விரிந்து உடையும், இரும்பு ஸ்டாண்டே வாங்கச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டுக்குள் போகிறவர் என்றால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து செய்யும் பிசியோதெரபியும் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். கேரளத்துக்குள் போகிறவர் என்றால் பஞ்சாயத்து வழியாக நடக்கும் பாலியேட்டிவ் வீட்டு வருகையைக் கேட்கச் சொல்லுங்கள். முகவரியில் எந்த மாநிலம் என்று பார்க்காமல் வழி சொன்னால் அவர் வாளையார் எல்லை தாண்டி அலைவார்.

கடைசியாகக் கையில் கொடுக்கும் தாள். மூன்று பயிற்சி போதும், பத்து எழுதினால் ஒன்றும் செய்யமாட்டார்கள். எடை வைக்கலாமா கூடாதா என்பது முதல் வரியில். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டில் தமிழ் பேசுகிறவர் பலர் பள்ளியில் மலையாளம் படித்தவர்கள். உங்களிடம் தமிழில் அழகாகப் பேசியவர் நீங்கள் எழுதிய தமிழ்த் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார், படிக்கத் தெரியாது என்று சொல்லமாட்டார். எழுதுவதற்கு முன் ‘எந்த எழுத்து படிப்பீங்க?’ என்று கேளுங்கள். மலையாளம் என்றால் வார்டில் எழுதத் தெரிந்த சிஸ்டரிடம் எழுதி வாங்கி, பயிற்சியைச் செய்து காட்டும்போது மகனின் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.